மதுரையிற் பிறந்த கணித ஆசான் ஒகஸ்டஸ் டி மோர்கன்

விழாக் காலத்தில் ஒரு கல்லூரி தன்னைத் தானே திரும்பிப் பார்த்தல் மரபு. கட்டடங்களை எண்ணுகின்றோம், வென்ற கேடயங்களை எண்ணுகின்றோம், உயர் பதவி எய்திய பழைய மாணவரை எண்ணுகின்றோம். இவையாவும் எண்ணத் தக்கனவே. ஆயினும், எண்ணுதற்கு எளிதில் அகப்படாத ஒன்றும் உண்டு. வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் தமக்குட் செய்துகொள்ளும் உடன்பாடே அது. ஆசிரியர் எதனைத் தருவார், மாணவர் எதனைத் தரல் வேண்டும் என்னும் அவ்வுடன்பாடு செவ்வியதாயின் கல்லூரி கல்லூரியாக நிற்கும். அது தளருமாயின் கட்டடம் மட்டுமே எஞ்சும்.

இக்காலப் பல்கலைக்கழகங்களிற் கணிதத்தின் தொடக்கப் பாடத்திற்குச் செல்லும் மாணவனுக்கு முதல் நாளிலேயே விதிகள் எழுதிய தாள் ஒன்று வழங்கப்படுகின்றது. ஒழுங்காக வருக, பயிற்சிகளைக் குறித்த நாளில் ஒப்படைக்க, விடையை மட்டுமன்றி வழியையும் எழுதுக, பிறர் செய்ததைப் படியெடுத்தல் ஆகாது, ஐயம் உண்டாயின் ஆசிரியரை அணுகுக என்றவாறு அவ்விதிகள் அமையும். முடிவுறு கணிதம் என்னும் பெயரால் அளவையியல், தொடைகள், எண்ணுமுறை, நிகழ்தகவு, தாயங்கள் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் பாடநெறி ஒன்று உண்டு. அமெரிக்காவின் டார்த்மத் கல்லூரி ஆசிரியராகிய கெமனி, சினெல், தொம்சன் என்னும் மூவர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் இப்பாடநெறி பல நாடுகளிலும் பரவியது. அதன் விதித்தாளைக் கையில் வாங்கும் மாணவர் பலர் அதனைப் படியாமலே மடித்து வைத்துவிடுகின்றனர். விதி என்பது தம்மைக் கட்டுதற்கே ஏற்பட்டது என அவர் கருதுதல் இயல்பு.

அக்கருத்து முழு உண்மையன்று என்பதை ஒருவருடைய வாழ்க்கை நன்கு காட்டும். முடிவுறு கணிதத்திற் பயிலப்படும் பொருள்களுட் பல அவர் கைபட்டுத் துலங்கியவை. அவர் தம் மாணவருக்கு வகுத்த விதிகளினும் கடுமையான விதிகளைத் தமக்கு வகுத்துக்கொண்டவர். அவற்றின் பொருட்டுத் தாம் நேசித்த பதவியை இருமுறை துறந்தவர். அவர் பிறந்த ஊர் தமிழ் வளர்த்த மதுரை. அவரே ஒகஸ்டஸ் டி மோர்கன் ஆவர்.

பிறப்பும் இளமையும்

டி மோர்கன் 1806ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் படையிற் பணிபுரிந்த அதிகாரி. தாயாரின் முன்னோருள் ஒருவரான யேம்சு டொட்சன் 1742ஆம் ஆண்டில் முரண்மடக்கை அட்டவணையைக் கணித்து வெளியிட்ட கணிதர். பிறந்து சிறிது காலத்துள்ளே குழந்தையின் ஒரு கண் பார்வை இழந்தது. ஏழு மாதக் குழந்தையாய் இருந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. எனவே மதுரையின் கோபுரத்தையோ வைகையையோ அவர் நினைவில் வைத்திருத்தல் இயலாது. ஆயினும் தாம் பிறந்த நாட்டை அவர் மறந்தாரல்லர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பத்து வயதளவிலே தந்தையார் காலமானார். ஒரு கண்ணுடைய சிறுவனுக்கு விளையாட்டுத் திடல் இன்பந் தரும் இடமாக இருக்கவில்லை. உடன் பயின்றோருட் சிலர் அவருடைய குறையையே விளையாட்டாகக் கொண்டு அலைக்கழித்தனர். அவரும் புத்தகங்களையே துணையாகக் கொண்டார். எனினும், அவருள் உறங்கிய கணித ஆற்றலைப் பதினான்கு வயது வரையில் எவரும் கண்டிலர்.

அது வெளிப்பட்ட வகை நம் இளம் ஆசிரியர் அறியத்தக்கது. குடும்ப நண்பர் ஒருவர் ஒருநாள் அவர் வீட்டிற்குச் சென்றார். சிறுவன் அளவுகோலும் கவராயமும் கொண்டு யூக்கிளிட்டின் உருவம் ஒன்றை மிகுந்த கவனத்தோடு வரைந்துகொண்டிருந்தான். அழகாக வரைவதே கேத்திரகணிதம் என்பது அவன் எண்ணம். உருவம் எவ்வளவு திருத்தமாக அமைந்தாலும் அது நிறுவல் ஆகாது என்றும், யூக்கிளிட்டு நாடியது காரணங்காட்டி நிறுவுதலையே என்றும் அந்நண்பர் விளக்கினார். அன்றே ஒரு கதவு திறந்தது. வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக நிகழாத ஒன்று தக்க நேரத்திற் கிடைத்த ஒரு விளக்கத்தால் நிகழ்ந்துவிட்டது. விடைக்கும் காரணத்துக்கும் உள்ள வேற்றுமையை அன்று உணர்ந்த சிறுவன் தன் வாழ்நாள் முழுவதும் அதனையே பிறர்க்கு உணர்த்தி வந்தான்.

கேம்பிரிட்ஜும் முதற் துறவும்

1823ஆம் ஆண்டில், பதினாறு வயதில், அவர் கேம்பிரிட்ஜின் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். பீக்கொக், கியூவெல் ஆகிய பேரறிஞர் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தனர். அட்சரகணிதத்திலும் அளவையியலிலும் அவருக்கு உண்டான பற்றுக்கு இவ்விருவரும் காரணராவர். புல்லாங்குழல் வாசிப்பதிலும் அவர் வல்லவர். பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் படிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை; தமக்கு விருப்பமானவற்றை எல்லாம் பரந்து படித்தார். அதனால் 1827ஆம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் நான்காம் இடமே கிடைத்தது. முதலிடம் எதிர்பார்த்தோர்க்கு அது ஏமாற்றமாயிற்று. பரீட்சையின் வரிசை அறிவின் வரிசை அன்று என்னும் கருத்து அவர் உள்ளத்தில் அன்று தொட்டு நிலைத்தது எனலாம்.

அக்காலத்திற் கேம்பிரிட்ஜில் முதுமாணிப் பட்டம் பெறுவோர் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையொப்பம் இடல் வேண்டும். அப்பட்டம் இன்றேல் கல்லூரி ஆய்வாளர் பதவியும் இல்லை. டி மோர்கன் கடவுள் நம்பிக்கையற்றவர் அல்லர். எச்சபையையும் சாராத கிறித்தவராகவே அவர் தம்மைக் கருதிவந்தார். உள்ளத்தால் முழுவதும் ஏற்காத ஒன்றை ஏற்பதாகக் கையெழுத்திடுதல் பொய்யாகும் என்பதே அவர் கொண்ட முடிவு. பலர் அதனை ஒரு சடங்கென எண்ணிக் கையெழுத்திட்டுச் சென்றனர். அவரோ கையெழுத்திடாது வெளியேறினார். கணிதத்தை விடுத்துச் சட்டம் பயில இலண்டன் சென்றார்.

சமயத்தின் பெயரால் கல்வியின் வாயில் அடைக்கப்படுதல் எத்தகைய துயர் என்பதை நம்போன்ற கல்லூரிகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு நாம் விரித்துரைத்தல் வேண்டா. தம் சமயத்தைக் கைவிடாமலே ஆங்கிலக் கல்வி பெறல் வேண்டும் என்னும் வேட்கையினாலன்றோ நம் முன்னோர் இக்கல்லூரிகளை எழுப்பினர்?

இருபத்தொரு வயதுப் பேராசிரியர்

அந்நாளில் இலண்டனில் புதியதோர் பல்கலைக்கழகம் உருவாகிக்கொண்டிருந்தது. எச்சமயத்தாரும் எவ்வகைக் கையொப்பமும் இன்றிக் கற்கலாம், கற்பிக்கலாம் என்பது அதன் அடிப்படை. பின்னர் யூனிவேர்சிற்றிக் கல்லூரி எனப் பெயர்பெற்றது அதுவே. 1828ஆம் ஆண்டில் அதன் முதற் கணிதப் பேராசிரியராக டி மோர்கன் தெரிவுசெய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அந்நாள் வரை கணித நூல் எதனையும் அவர் வெளியிட்டிருக்கவில்லை. எனினும் தெரிவு பொய்க்கவில்லை.

மூன்றாண்டு கழியுமுன் முதற் சோதனை வந்தது. நிருவாக சபை உடற்கூற்றியற் பேராசிரியர் ஒருவரைப் பதவியினின்று நீக்கியது. அவர்மீது குற்றம் இன்னதெனச் சாட்டாமலே நீக்கியது. காரணங் காட்டாது ஓர் ஆசிரியரை நீக்கலாம் என்றால் எந்த ஆசிரியரும் தன்மானத்தோடு பணிபுரிதல் இயலாது என டி மோர்கன் கருதினார். 1831ஆம் ஆண்டில் தம் பதவியைத் துறந்தார். நீக்கப்பட்டவர் அவரல்லர், அவர் பதவிக்கு எவ்வித இடையூறும் இல்லை. பிறருக்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்ததாகவே கொண்டார்.

ஐந்தாண்டுகளின் பின், 1836ஆம் ஆண்டில், அவருக்குப் பின் வந்த பேராசிரியர் நீரில் மூழ்கி இறந்தார். மாணவர் இடைநடுவில் விடப்படுதலை விரும்பாத டி மோர்கன் தற்காலிகமாக உதவ முன்வந்தார். பின் அப்பதவியையே மீண்டும் ஏற்று, மேலும் முப்பதாண்டு அங்கே பணிபுரிந்தார்.

வகுப்பறை விதிகள்

இனி, அவர் வகுப்பு நடந்த முறையைக் கூறுவோம். நாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததும் இதன் பொருட்டே.

அவர் ஆண்டு முழுவதும் நான்கு பாடநெறிகளை நடத்தினார். ஒவ்வொன்றும் வாரம் மூன்று மணிநேரம். ஆகவே நாள்தோறும் இரண்டு மணிநேரம் விரிவுரை. யூக்கிளிட்டின் முதற் புத்தகமும் எண்கணிதமும் தொடங்கி, உயர் நுண்கணிதத்தின் எல்லை வரை அவையனைத்தும் ஒரே ஆசிரியரின் பொறுப்பு. தொடக்க வகுப்பைத் துணையாசிரியரிடம் விட்டுத் தாம் உயர் வகுப்பை மட்டும் நடத்தும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை. இவற்றோடு, ஆண்டின் ஒரு பகுதியிற் பள்ளி ஆசிரியர்க்கென மாலை வகுப்பும் நடத்தினார்.

விரிவுரையோடு தம் கடமை முடிந்தது என அவர் எண்ணினாரல்லர். ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் அன்றைய பொருள்பற்றிய கணக்குகள் சில வழங்கப்படும். மாணவர் அவற்றைச் செய்து அவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அடுத்த விரிவுரைக்கு முன் அவர் அவற்றைத் தாமே பார்வையிட்டுத் திருப்பித் தருவார். சரியாகச் செய்த கணக்குக்கு ஒரு சரியடையாளம் இடப்படும். கூட்டலிலோ பெருக்கலிலோ கைப்பிழை நேர்ந்திருப்பின் அதனை வெட்டித் திருத்தம் எழுதப்படும். ஆயின், தத்துவத்திலேயே பிழை இருப்பின் அவர் அதனைத் திருத்துவதில்லை. தம்மிடம் நேரில் வந்து காட்டுமாறு பணிக்கும் சிறு குறிப்பொன்றையே தாளில் எழுதிவிடுவார். அம்மாணவன் விரிவுரை முடிந்ததும் மேடைக்குச் செல்லல் வேண்டும். பேராசிரியர் அவனைத் தனியே இருத்தி, எவ்விடத்திற் கருத்துப் பிறழ்ந்தது என்று தேடி, ஐயம் நீங்கும்வரை விளக்குவார். மாணவர் தொகை பலபோது நூற்றுக்கு மேற்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வுழைப்பின் அளவு புலப்படும்.

இம்முறையில் அமைந்த நுட்பத்தைச் சிறிது சிந்தித்தல் தகும். கைப்பிழையும் கருத்துப்பிழையும் ஒரே சிவப்பு மையால் அடிக்கப்படும்போது மாணவன் இரண்டையும் ஒன்றென மயங்குகின்றான். கைப்பிழை கவனத்தால் நீங்கும். கருத்துப்பிழை உரையாடலால் அன்றி நீங்காது. இவ்வேறுபாட்டை அறிந்து, முன்னதற்கு மையையும் பின்னதற்குத் தம் நேரத்தையும் செலவிட்டவர் டி மோர்கன். மேடைக்கு அழைக்கப்படுதல் தண்டனை அன்று; ஆசிரியரின் முழுக் கவனமும் ஒருவனுக்கே உரியதாகும் பேறு அது. இன்றைய விதித்தாளில், ஐயமுடையோர் குறித்த நேரத்தில் ஆசிரியரைக் காண்க என எழுதியிருத்தலைக் காண்கின்றோம். அவ்விதி பயன்படாது போவது மாணவர் செல்லாமையால். டி மோர்கனோ செல்ல வேண்டியவன் இன்னானெனத் தாமே கண்டு அழைத்தார்.

அவர் குரல் இனிமையும் கம்பீரமும் உடையது, நினைவாற்றல் வியக்கத்தக்கது. கணித வரலாற்றிலிருந்தும் அன்றாட வாழ்விலிருந்தும் எடுத்துக்காட்டுக்கள் அருவிபோல் வரும். நகைச்சுவைக்கும் குறைவில்லை.

நெட்டுருவின் பகைவர்

டி மோர்கன் வெறுத்தது ஒன்று உண்டெனின் அது நெட்டுருப் படிப்பேயாகும். கணிதத்தின் பெருந் தத்துவங்கள் ஒவ்வொன்றும் மாணவன் உள்ளத்திற் செரித்துத் தன்மயமாதல் வேண்டும் என்பது அவர் நோக்கம். வினாத்தாளுக்கு ஏற்ப விடைகளை அடுக்கிவைக்கும் கைத்திறனை அவர் ஒரு பொருளாக மதிக்கவில்லை. பரீட்சை நெருங்கும் ஒரு சமயம் ஒப்படைக்கப்படும் பயிற்சித்தாள்களின் தொகை குறைந்தது. அதன் காரணத்தை அவர் உடனே உணர்ந்தார். மாணவர் தம் பயிற்சியை நிறுத்திப் பரீட்சைக்கு உருப்போடுகின்றனர் என்று வகுப்பிலே வெளிப்படையாகக் கூறி, அவ்வுருப்போடல் முழுவதும் பயனற்றுப் போகும் வகையிலேயே வினாத்தாளை அமைக்கப்போவதாகவும் எச்சரித்தார்.

போட்டிப் பரீட்சைகளில் மாணவரை வரிசைப்படுத்தும் முறையை அவர் இறுதிவரை ஐயுற்றார். இதனை நம் நாட்டு நிலையோடு ஒப்பிட்டுப் பாராதிருத்தல் எளிதன்று. பரீட்சைக்கு ஆறு மாதத்தின் முன்னரே பள்ளியை விட்டு வேறிடங்களிற் குறிப்புக்களைத் தேடி ஓடும் மாணவரை நாமும் அறிவோம். அவர்களை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. வரிசையையே அறிவெனக் கொள்ளும் சமுதாயமும் அக்குறைக்கு உடந்தை.

அவருடைய முறை வீண்போகவில்லை என்பதற்கு அவர் மாணவரே சான்று. கணித அறிஞர் சில்வெசுற்றர் சில காலம் அவரிடம் பயின்றார். பகலிற் பள்ளியிற் படிப்பித்துக்கொண்டே மாலையில் இவரிடம் கற்ற தொட்கன்றர், பின்னர் எழுதிய பாடநூல்கள் இந்தியப் பள்ளிகள் வரை பரவின. 1854ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் மக்சுவெல்லை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்ற இரவுத், பொருளியலிலும் அளவையியலிலும் பெயர்பெற்ற யெவோன்சு, எழுத்தாளர் பஜற் ஆகியோரும் அவர் மாணவரே. கவிஞர் பைரனின் மகளாரான ஏடா லவ்லேசு அம்மையார்க்கும் அவர் மடல்வழி நுண்கணிதம் கற்பித்தார். அவ்வம்மையாரின் ஆற்றலை உயர்வாக மதித்த அவரே, கடுங் கணித முயற்சி பெண்களின் உடல்வலிமைக்கு மிஞ்சியது என்றும் அஞ்சினார். அஃது அக்காலத்தவர் பலருக்கு இருந்த பிழையான கருத்து. எதனையும் காரணங் கேட்டு ஏற்கும் அவரும் அதனினின்று தப்பவில்லை என்பதை மறைத்தல் முறையன்று.

அவர் பெயர் தாங்கும் விதிகள்

டி மோர்கன் 1847ஆம் ஆண்டில் முறைசார் அளவையியல் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். எடின்பரோவிலிருந்த தத்துவப் பேராசிரியர் சேர் வில்லியம் கமில்ற்றனுக்கும் அவருக்கும் அக்காலத்தில் ஒரு பூசல் எழுந்தது. தம் கருத்தை டி மோர்கன் எடுத்தாண்டார் என்பது அப்பேராசிரியரின் குற்றச்சாட்டு. அப்பூசலை வெளியிலிருந்து நோக்கிய யோர்ச் பூல் என்னும் பள்ளி ஆசிரியர், அளவையியலைக் கணிதமாக்கும் தம் சிறுநூலை அதே 1847ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று கணினியின் உள்ளே ஓடும் அளவையியல் இவ்விருவரின் உழைப்பினின்று கிளைத்தது.

அவர் பெயரால் வழங்கும் இரு விதிகளை நம் மாணவர் தொடைகள் பற்றிய பாடத்திற் பயில்கின்றனர். அவற்றின் உட்கருத்தைச் சொல்வடிவில் இடைக்கால அளவையியலாரும் அறிந்திருந்தனர்; குறியீட்டு வடிவில் நிலைபெறச் செய்தவர் டி மோர்கன். வகுப்பு விதி ஒன்றைக் கொண்டே அதனை விளக்கலாம். வரவு ஒழுங்கும் பயிற்சி நிறைவும் ஆகிய இரண்டும் உடையவனே பரீட்சைக்குத் தகுதியுடையவன் என்பது விதியாயின், தகுதியற்றவன் யார்? வரவும் இல்லாமற் பயிற்சியும் செய்யாமல் இருப்பவன் என்று பலர் விடை கூறுவர். அது பிழை. இரண்டில் ஏதேனும் ஒன்று இல்லாதவனும் தகுதியற்றவனே. அவ்வாறே, நோயுற்றவனுக்கோ வீட்டில் இழவு நேர்ந்தவனுக்கோ தவணை தரப்படும் எனின், தவணை பெறாதவன் நோயும் இல்லாதவன், இழவும் இல்லாதவன் ஆவன். உம்மையை மறுத்தால் அல்லது பிறக்கும். அல்லதை மறுத்தால் உம்மை பிறக்கும். இவ்வளவே அவ்விரு விதிகளின் சாரம்.

எண்ணிக்கையை அளவையியலோடு இணைத்ததும் அவர் செய்த பணி. 100 மாணவருள் 70 பேர் துடுப்பாட்டத்திலும் 60 பேர் உதைபந்தாட்டத்திலும் சேர்ந்திருப்பின், குறைந்தது 30 பேராவது இரண்டிலும் சேர்ந்திருத்தல் வேண்டும். எவர் எவர் என அறியாமலே இம்முடிவை எய்தலாம். பழைய அளவையியலில் எல்லாம், சில என்னும் சொற்களுக்கே இடமிருந்தது. எத்தனை என்னும் வினாவுக்கும் இடந் தந்தவர் டி மோர்கன். நிகழ்தகவு பற்றி 1838ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலும், அதே ஆண்டில் மக்கள் கலைக்களஞ்சியம் ஒன்றிற்குக் கணிதத் தொகுத்தறிவு முறைபற்றி எழுதிய கட்டுரையும் இங்கு நினைக்கத் தக்கன. பென்னி என்னும் சிறு நாணயத்தின் பெயர்தாங்கிய அக்களஞ்சியத்தின் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஆறிலொன்று அவர் எழுதியவை.

மற்றொரு நிகழ்ச்சி. 1852ஆம் ஆண்டு ஒற்றோபர் 23ஆம் நாள் பிரெடரிக் குத்திரி என்னும் மாணவர் அவரிடம் ஒரு வினாவை வைத்தார். எந்தத் தேசப்படத்தையும், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி, நான்கு நிறங்களால் தீட்டிவிடலாமா? மாணவரின் தமையனார் பிரான்சிஸ் இங்கிலாந்தின் தேசப்படத்துக்கு நிறந் தீட்டும்போது கண்ட செய்தி அது. டி மோர்கனுக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோற் காட்டவும் இல்லை. சிறு பிள்ளை வினா எனத் தள்ளவும் இல்லை. அன்றே தபிளினிலிருந்த கணிதப் பேரறிஞர் சேர் வில்லியம் இரோவன் கமில்ற்றனுக்கு அதுபற்றி மடல் எழுதினார். அவ்வினாவுக்கு நிறுவல் கிடைத்தது 1976ஆம் ஆண்டிலேயே. அதுவும் அப்பெல், காக்கென் என்னும் இருவர் கணினியின் துணைகொண்டு கண்டது. மாணவன் ஒருவனின் வினா 124 ஆண்டு உலகை உழைக்கவைத்தது. அதனை மதித்துக் கேட்ட ஆசிரியர் இல்லையேல் அது வகுப்பறையிலேயே மறைந்திருக்கும்.

பிறந்த நாட்டை நினைந்தவர்

தில்லிக் கல்லூரியில் இராமச்சந்திரர் என்னும் ஆசிரியர் இருந்தார். உயர்வு தாழ்வுக் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி அட்சரகணிதத்தாலேயே தீர்க்கும் நூலொன்றை 1850ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் தம் செலவிலே அச்சிட்டார். அங்கே அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. அதன் படி ஒன்று டி மோர்கன் கைக்கு எட்டியது. அதன் அருமையை உணர்ந்த அவர் கம்பனியின் இயக்குநரோடு தொடர்புகொண்டு, 1859ஆம் ஆண்டில் அந்நூல் இலண்டனில் மறுபதிப்பாதற்கு வழிசெய்தார். தாமே நீண்டதொரு முன்னுரையும் வரைந்தார். அட்சரகணிதத்தை வளர்த்த பழைய மரபு இந்தியாவுக்கு உண்டு என்றும், ஐரோப்பிய நூல்களை உருப்போடச் செய்வதினும் அந்நாட்டவரின் சொந்தச் சிந்தனையைத் தட்டியெழுப்புதலே தக்கது என்றும் அதில் வாதாடினார். ஆங்கிலேயர் அந்நாட்டின்மீது பெருஞ் சினங்கொண்டிருந்த 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இரண்டே ஆண்டு கழிந்த காலம் அது என்பதை நோக்க, அவ்வாதத்தின் துணிவு விளங்கும்.

இல்லறமும் இயல்பும்

1837ஆம் ஆண்டில் சோபியா எலிசபெத் பிரெந்து என்னும் அம்மையாரை அவர் மணந்தார். மக்கள் எழுவர். அவருள் வில்லியம் ஓடுகளும் மட்பாண்டங்களும் வனைந்த கலைஞராயும் நாவலாசிரியராயும் புகழ்பெற்றார். யோர்ச் என்னும் மகன் தந்தையார் வழியிற் கணிதம் பயின்று, நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1865ஆம் ஆண்டில் இலண்டன் கணிதச் சங்கம் தோன்றக் காரணரானார். அதன் முதற் தலைவர் டி மோர்கனே. அச்சங்கம் அவர் பெயராற் பதக்கமொன்றை இன்றும் வழங்குகின்றது.

பட்டங்களை அவர் நாடவில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகம் தரவந்த கௌரவப் பட்டத்தை மறுத்தார். றோயல் சங்கத்திற் சேர விரும்பவில்லை. வானியற் சங்கத்திலோ பல ஆண்டு செயலாளராய் உழைத்துத் தலைவர் பதவியை மட்டும் தவிர்த்தார். தம் வயதின் வர்க்கமே அவ்வாண்டின் எண்ணாக அமைந்த காலம் ஒன்று தமக்கு உண்டெனப் புதிர் போடுவது அவர் வழக்கம். 43இன் வர்க்கம் 1849. சிறு வகுப்பு மாணவர் அதனைச் சரிபார்த்து மகிழலாம்.

இறுதித் துறவு

1866ஆம் ஆண்டில் அவர் கல்லூரியில் உளவியல், அளவையியற் பேராசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. விண்ணப்பித்தோருள் யேம்சு மார்த்தினோ தகுதி மிக்கவர். ஆயின் அவர் ஒரு சிறு சமயப் பிரிவின் புகழ்பெற்ற போதகர். அச்சமய நிலை காரணமாக நிருவாக சபை அவரை ஏற்கவில்லை. எச்சமயத்தாரையும் சமயங் கேளாது ஏற்பது என்னும் அடிப்படையே தகர்ந்தது என்பது டி மோர்கனின் முடிவு. கேம்பிரிட்ஜை விட்டு அவர் இங்கே வந்ததே அவ்வடிப்படைக்காக. அறுபது வயதில், வேறு வருவாய்க்கு உறுதியில்லாத நிலையில், அவர் மறுபடியும் பதவியைத் துறந்தார்.

பழைய மாணவர் சிலர், தம் ஆசிரியரின் உருவத்தைக் கல்லூரியில் வைத்தல் வேண்டும் என விரும்பி, அதற்கு அமர்ந்து தருமாறு வேண்டினர். அவர் இணங்கவில்லை. தாம் பணிபுரிந்த அந்தக் கல்லூரி இப்போது இல்லை என்பதே அவர் தந்த விடை. கட்டடம் அங்கே நின்றது, மாணவர் வந்துகொண்டேயிருந்தனர். ஆயினும், எக்கொள்கைக்காக அது எழுந்ததோ அக்கொள்கை நீங்கியபின் அதனைக் கல்லூரி என அவர் மதிக்கவில்லை. பழைய மாணவர் சங்கத்தார் நாம் இவ்விடையை அடிக்கடி நினைத்தல் நன்று.

துன்பம் தொடர்ந்து வந்தது. 1867ஆம் ஆண்டில் மகன் யோர்ச் இறந்தார். 1870ஆம் ஆண்டில் மகள் ஒருவரும் மறைந்தார். உடல் தளர்ந்து, 1871ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் டி மோர்கன் இவ்வுலக வாழ்வை நீத்தார். அருமையாகச் சேர்த்த அவருடைய நூல்களைப் பிரபு ஒருவர் விலைக்கு வாங்கி இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார்.

அவர் மறைந்து மூன்று மாதத்துள், அதே 1871ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பழைய பல்கலைக்கழகங்களிற் சமயக் கையொப்பத்தை நீக்கும் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இளமையில் எதன் பொருட்டுக் கேம்பிரிட்ஜைத் துறந்தாரோ அத்தடை நீங்கியதைக் காண அவர் இருந்தாரல்லர்.

நாம் கொள்ளத்தக்கது

டி மோர்கனின் வகுப்பு விதிகளைச் சுருக்கிக் கூறின் அவை மிகச் சிலவே. நாள்தோறும் வருக, அன்றைய கணக்கை அன்றே செய்க, வழியைக் காட்டுக, தத்துவம் பிழைத்தால் நேரில் வருக, பரீட்சைக்காகப் படியாதே. இவ்வைந்தில் மாணவன் தரவேண்டியது பாதியே. மற்றப் பாதி ஆசிரியர் தரவேண்டியது: நூறு தாள்களையும் அடுத்த வகுப்புக்குள் பார்த்துத் தருதல், பிழையின் வகையை அறிதல், விரிவுரை முடிந்தபின்னும் மேடையில் நிற்றல், தெரியாததைத் தெரியாது எனல். மாணவர் பங்கு மட்டும் எழுதப்பட்ட விதித்தாள் அரைத்தாளேயாகும்.

கணிதம் முதற்கொண்டு எப்பாடத்திலும், எழுதிய வரிக்குக் காரணம் உண்டா என்பதே முதல் வினா. அவ்வினாவைத் தாளில் எழுதிய வரிக்கு மட்டுமன்றித் தாம் இடவேண்டிய கையொப்பத்துக்கும் கேட்டவர் டி மோர்கன். அவருடைய கணிதமும் ஒழுக்கமும் வேறு வேறாய் இருக்கவில்லை. இவ்விழா ஆண்டில் நம் கல்லூரியிற் கணிதம் தொடங்கும் சிறுவன் ஒருவன், தன் தாளிற் பிழையைக் கண்டு அஞ்சாது ஆசிரியர் மேசையை நோக்கி நடப்பானாயின், அங்கே ஆசிரியரும் அவனுக்காகக் காத்திருப்பாராயின், நாம் எண்ணாது விட்ட செல்வம் இன்னும் நம்மிடம் உண்டு என்று மகிழலாம்.